திங்கட்கிழமைவரை

அவள் கட்டில் விரிப்பை இரண்டு கைகளாலும் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள்.

கூட்டுக்கும் அவளுக்கும் இடையில் இருபது அடி புல்வெளி.

உள்ளே இருந்தது ரக்கூன் அல்ல. ரக்கூனைப் பிடிக்கத்தான் மேல்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் குகனேசன் நேற்றுப் பின்னேரம் டின்மீன் போட்டு அந்தக் கம்பிக்கூட்டை வைத்தார். குப்பைப் பெட்டியைக் கிளறுகிறது என்று கோபம். விடிந்து பார்த்தால் ஸ்கங்க். கறுத்த உடல், முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள், உடம்பைவிடப் பெரிதாகத் தெரியும் வால். பயந்தால் பின்பக்கத்தைத் திருப்பி நாற்ற நீரைப் பீய்ச்சும். பீய்ச்சினால் அந்த நாற்றம் கிழமைக்கணக்கில் வீட்டை விட்டுப் போகாது.

கூட்டிலிருந்து மூன்றடியில் அவளுடைய பேஸ்மென்ட் யன்னல்.

சரியாகப் பூட்டாத யன்னல். அதன் கீழேதான் மகளின் கட்டில். ஆறு வயது. மூச்சிழுப்பு. போன மாரியில் இரண்டு தரம் அம்புலன்ஸ் வந்தது.

குகனேசன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றார். கையில் போன்.

“மிருகம் பிடிக்கிற கம்பனிக்கு அடிச்சனான். சனி ஞாயிறு வேலை இல்லையாம். திங்கட்கிழமை ஆக்கள் வருவினம். அதுவரைக்கும் கிடக்கட்டும்” என்று அவர் சொல்லிக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை.

யூலை வெயில். இன்று சனிக்கிழமை.

“அதுக்குத் தண்ணி?” என்று அப்போது அவள் கேட்டாள்.

“தண்ணியோ? பிள்ளை, அது மிருகம்.”

கனடாவில் இந்த ஸ்காபரோ வீட்டுக்கு வந்து மூன்று வருடம். அவர் எதைச் சொன்னாலும் அவள் சொன்னது ஒன்றுதான். ஓம் அண்ணை.

இன்று அது வாயில் வரவில்லை.

கம்பிக்கு உள்ளே நின்று அவளும் கேட்டிருக்கிறாள். திங்கட்கிழமை ஆக்கள் வருவினம். யுத்தம் முடிந்தபோது வவுனியா முகாமில், கூடாரங்களுக்கு நடுவில், வெறும் வாளியுடன். எத்தனை திங்கட்கிழமைகள் என்பதைப் பிறகு எண்ணாமல் விட்டுவிட்டாள்.

மகளை எதிர்வீட்டில் இருத்திவிட்டு வந்தாள். கட்டில் விரிப்பை உருவினாள். குசினியில் இருந்த மர அகப்பையை எடுத்து இடுப்பில் செருகினாள்.

இப்போது முதல் அடி.

டப். டப்.

முன்னங்கால்களால் அது கூட்டின் தரையை அடித்தது. கிட்ட வராதே என்கிறது.

நின்றாள். அதன் கண்ணிலிருந்து தன்னை மறைத்த விரிப்பு ஆடாமல் பார்த்துக்கொண்டாள். மூச்சைப் பத்துத் தரம் எண்ணினாள்.

“பயப்பிடாதை. எனக்கும் பயம்தான்.”

மகளுக்கு மூச்சு இழுக்கும்போது முதுகைத் தடவிக்கொண்டு பேசுகிற குரல். அதே குரல்தான் வந்தது.

அடுத்த அடி. அடுத்தது.

கண்ணாடியில் டொக்டொக்கென்று தட்டும் சத்தம்.

“பிள்ளை, உமக்கென்ன விசரே? இஞ்சால வாரும்!”

கூட்டுக்குள் அது சடாரென்று சுழன்றது. எதிர் வெயிலில், மெல்லிய துணியூடாக, அதன் நிழல் தெரிந்தது. வால் நிமிர்ந்து நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“அண்ணை, கதையாதேங்கோ.”

சத்தம் நின்றது.

கை உளைந்தது. தோள் எரிந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க ஒரு கை இல்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தும் நினைவு வரவில்லை. சாப்பாட்டைப் பற்றி ஏதோ. மழையைப் பற்றி ஏதோ.

நிழலில் வால் மெல்ல மெல்லத் தணிந்தது.

கடைசி மூன்று அடிகளுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. விரிப்பைக் கூட்டின் மேல் இறக்கினாள். தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதைப்போல, ஓரம் ஓரமாக.

உள்ளே இருட்டு. உள்ளே அமைதி.

முழங்காலிட்டு, துணிக்குக் கீழே கையை விட்டுக் கதவின் கொளுவியைத் தேடினாள். புறங்கையில் சூடான மூச்சுப் பட்டது. கையை எடுக்கவில்லை. கொளுவி இறுகிக் கிடந்தது. ஒரு தரம். இரண்டாம் தரம்.

மூன்றாம் தரம் இளகியது.

கதவை மேலே இழுத்து, இடுப்பிலிருந்த அகப்பையை முட்டுக் கொடுத்தாள். பின்னுக்கு நடந்தாள். ஒன்று, இரண்டு, பன்னிரண்டு அடி.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நிமிடம். அதற்கு மேலும்.

பிறகு ஒரு மூக்கு.

வந்தது. புல்லில் நின்றது. அவள் நின்ற பக்கம் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. வால் ஒரு தரம் உயர்ந்தது.

அவள் கண்ணை மூடவில்லை.

வால் தாழ்ந்தது. அவசரமே இல்லாமல், ஆடி ஆடி நடந்து, வேலிப் பலகைக்குக் கீழே நுழைந்து, போய்விட்டது.

நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தாள். புல் மணம். சூடான மண் மணம். வேறொன்றும் இல்லை.

சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். பக்கத்து வீட்டு மாடி யன்னலில் யாரோ கைதட்டினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு அதுவரை தெரியாது. அந்தப் பக்கம் திரும்பிக் குனிந்து வணக்கம் வைத்தாள்.

பிறகு அகப்பையை உருவினாள். கதவு படாரென்று விழுந்தது.

கூட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வைத்தாள்.

“இது இனி இந்த வளவுக்குள்ள வேண்டாம், அண்ணை.”

குகனேசன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, காற்றை ஒரு தரம் மோந்து பார்த்தார். அவளைப் பார்த்தார். குனிந்து கூட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

“எங்க கொண்டுபோய் வைப்பம், தர்மினி?”

அவள் மறுபக்கத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.