மூன்றாவது சீற்

"அண்ணை, எங்கடை வானுக்கு மூண்டாவது சீற் ஆருக்கு எண்டு அவவைக் கேட்டுச் சொல்லுங்கோ."

கிருசாந்தன் இதைச் சொன்னது கராஜ்கார ராசுவிடம். அந்த 'அவ', அவனுடைய மனைவி சுதாஜினி, அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

ராசு தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, ஆருக்காம்?"

"போட ஏலுமோ ஏலாதோ எண்டதை மட்டும் சொல்லுங்கோ அண்ணை. ஆருக்கு எண்டது பிறகு தெரியும்தானே."

"ஏலும். ஆனா அலுமாரியைக் கொஞ்சம் தள்ள வேணும்."

அந்த அலுமாரி கிருசாந்தன் தன் கையால் செய்தது. பழைய வான் வண்டி ஒன்றை வாங்கி, பின்னுக்குக் கட்டில் போட்டு, காஸ் அடுப்புப் பூட்டி, யன்னலுக்குத் திரைச்சீலை தைத்து, முன்னுக்கு இரண்டே இரண்டு சீற் விட்டு வைத்திருந்தான். ஒன்று தனக்கு, மற்றது சுதாஜினிக்கு. ஊர் ஊராகப் போய், கடலோரத்தில் நித்திரை கொண்டெழும்பி இலங்கையைச் சுற்றுவது கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து கண்ட கனவு. தாலி கட்டிய மாதமே அவன் சுவிசுக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்ததால், கனவு பத்து வருசம் காத்துக்கிடந்தது.

இப்போது ஒரேயடியாக வந்துவிட்டான். ஆனால் தர்மபுரத்து வீட்டில், எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தால், "கறி காணுமோ?" "காணும், போதும்" என்பதோடு கதை முடிந்துவிடும். வானில் ஏறினால் எல்லாம் சரிவரும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்த மூன்றாவது ஆள்.

அன்று பின்னேரமே மாமியாரிடம் போனான்.

"மாமி, நீங்களும் எங்களோடை வாறியளோ?"

"எனக்கென்ன விசரே?" என்றார் நாகேஸ்வரி. "மாட்டை ஆர் பாக்கிறது? புதுசா வாழத் தொடங்கின சனத்துக்கு நடுவிலை எனக்கென்ன வேலை?"

மச்சான் சஜீவனுக்குப் போன் எடுத்தான். "அத்தான், எனக்கு லீவு இல்லை. அக்கா என்னைக் கூப்பிடவுமில்லை."

அப்படியென்றால் யார்? அடுத்த நாள் கராஜுக்குத் தனியே போனான்.

"அண்ணை, சீற் போட ஏலாது எண்டு சொல்லிவிடுங்கோ. பாரம் கூடிப்போகும், பொலிஸ் பிடிக்கும், எதையாவது சொல்லுங்கோ."

"தம்பி, அவ காலமையே வந்து இடம் காட்டிப்போட்டா. அலுமாரிக்கு அங்கால வேணுமாம்." ராசு குரலைத் தாழ்த்தினார். "அதிலை இருக்கிற ஆளை, ஓட்டுற ஆளுக்குத் தெரியக்கூடாதாம்."

கிருசாந்தனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. தெரியக்கூடாதா? தன்னுடைய வானில், தன்னுடைய அலுமாரிக்குப் பின்னால், தனக்குத் தெரியாமல் ஓர் ஆளா? வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று வேகமாகப் போனான். குசினி வாசலில் அவளுடைய முகத்தைக் கண்டதும், கேட்க வந்ததை விட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி."

புறப்படும் நாளும் வந்தது. ராசு அருமையாகத்தான் வேலை செய்திருந்தார். நல்ல மெத்தை, உறுதியான பெல்ட். கிருசாந்தன் வானை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சைக்கிளில் யாராவது திரும்பினாலே, இதுதான் அந்த ஆளோ என்று எட்டி முகத்தைத் தேடினான்.

சுதாஜினி பையோடு வந்தாள். கேற்றைப் பூட்டினாள். கிருசாந்தன் முன்கதவைத் திறந்துவிட்டான். அவள் அதைக் கடந்து போய், பக்கக் கதவை இழுத்து ஏறி, அலுமாரிக்குப் பின்னால் இருந்த புதுச் சீற்றில் உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டிக்கொண்டாள்.

"இன்னும் ஆர் வர வேணும்?"

"ஒருத்தரும் இல்லை. எடுங்கோ."

வான் பெருந்தெருவில் ஏறி முல்லைத்தீவுப் பக்கம் திரும்பியது. பக்கத்துச் சீற் வெறுமையாகக் குலுங்கிக்கொண்டு வந்தது. விசுவமடுவும் வந்துவிட்டது. என் பக்கத்தில் இருக்கப் பிடிக்காமல், அலுமாரியையே தள்ளி வைத்து ஒளிந்துகொண்டாளே என்று கிருசாந்தனுக்கு அழுகை வரப்பார்த்தது. திரும்பிவிடுவோமா என்று வானை ஓரமாக நிறுத்தினான்.

அவனுடைய போன் அடித்தது. எடுத்தான்.

"ஹலோ, சாப்பிட்டிட்டியளே? அங்கை இப்ப குளிரோ?"

அலுமாரிக்குப் பின்னாலிருந்தும் காதுக்குள்ளும் ஒன்றாகக் கேட்ட அந்தக் கலகலப்பான குரலை, அவன் ஊருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து கேட்டதேயில்லை. பத்து வருசம் போனில் வந்து, சுவிசில் அவனைச் சிரிக்கவும் நித்திரை கொள்ளவும் வைத்த குரல் அது.

"குளிரில்லை, நல்ல வெயில்," என்றான். என்றுமில்லாமல் வாய் தானாகத் திறந்துகொண்டது. "நீர் ஏனப்பா இவ்வளவு நாளா எடுக்கேல்லை?"

"என்ன செய்யிறது, முகத்தைப் பார்த்தா எனக்கு ஒரு கதையும் வருகுதில்லை," என்றாள் சுதாஜினி. "இனிச் சொல்லுங்கோ, உங்கடை பக்கம் என்ன புதினம்?"