நாற்காலித் துண்டு

தாலுகா ஆபீஸ் நாற்காலியின் முதுகில் ஒரு பூத்துண்டு கிடந்தது. அதிகாரி எங்கே என்று யார் கேட்டாலும், "இப்பத்தான் டீ குடிக்கப் போனார்" என்று சொல்வதுதான் அதன் உத்தியோகம்.

ஒருநாள் ஜன்னலோரம் பேசும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அது மளமளவென்று வேலையை முடித்து அனுப்பியது. இனி ஆளும் வேண்டாம், துண்டும் வேண்டாம் என்று துண்டு நினைத்துக்கொண்டது.

மத்தியானம், செங்கல் சூளையில் கல் அறுக்கும் செல்லக்கிளி உதவித்தொகை கேட்டு வந்து விரலை வைத்தாள். ரேகை தேய்ந்துபோயிருந்தது.

"எனக்குத் தெரியலம்மா. மனுஷங்கதான் பார்க்கணும்" என்றது இயந்திரம்.

துண்டு அசந்துபோனது. தெரியாது என்று ஒருவர் ஒப்புக்கொண்டு அந்த ஆபீசில் அது கேட்டதே இல்லை.

"சார் எங்கே?" என்று இயந்திரம் துண்டைக் கேட்டது.

"இப்பத்தான் டீ..." என்று பழக்கதோஷத்தில் இழுத்த துண்டு, செல்லக்கிளியின் விரல்களைப் பார்த்தது. "காலையிலேயே போயிட்டார். முக்குக் கடையில கேரம் ஆடிட்டிருக்கார்."

இயந்திரம் உடனே அவருக்குப் போன் போட்டது. அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்தார். துண்டை உருவிக் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, செல்லக்கிளியின் கையைப் பார்த்தார்.

அதற்குள் வாசலில் இன்னொருவர் தலையை நீட்டினார். "சார் இருக்காரா?"

மடியில் ஈரமாகக் கிடந்த துண்டு வாயைத் திறப்பதற்குள், "இருக்கேன், வாங்க" என்றார் அதிகாரி.