வெள்ளை மாளிகைப் பாடம்

இன்றைக்குள் அச்சிமுகம்மது சேரின் வாயிலிருந்து அந்தப் பாடத்தை வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஹிமாயா தன்னோடு கதைக்கவே மாட்டாள் என்று முபாறக்குக்குத் தெரியும்.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அமெரிக்க அரசியல் வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர் சேர். அன்று காலைச் செய்தியில் புதிய அமெரிக்க ஜனாதிபதி பதவியேற்றதைக் காட்டினார்கள். சேர் கதிரையில் சாய்ந்திருந்த தோரணையைப் பார்த்தால், சத்தியப்பிரமாணம் செய்து வைத்ததே அவர்தான் என்று தோன்றும்.

"பழைய ஜனாதிபதி இனி எங்க சேர் இருப்பார்?"

"எங்கயோ இருப்பார். புது ஆள் வந்தா அண்டைக்கே வெள்ளை மாளிகைய விட்டுப் போயிரணும்."

"எட்டு வருஷம் இருந்த வீடல்லவா?"

"எண்பது வருஷம் இருந்தா என்ன மகன்? உரிமை இல்லாத வீட்டில ஒட்டிக்கொண்டு கிடக்கிறது மானமுள்ளவன் செய்ற வேலையா?"

"கொஞ்ச நாள் பொறுங்க எண்டு கேட்டா?"

"கேட்கப்படாது. கேட்டா உலகம் சிரிக்கும்."

முபாறக் உள்ளறைப் பக்கம் திரும்பினான். "மாமி, கேட்டீங்களா?"

சேரின் மனைவி கமீலா, கட்டி வைத்திருந்த பெட்டியோடு வெளியே வந்தாள். மகள் ஹிமாயாவுக்கும் முபாறக்குக்கும் நிக்காஹ் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. ஊர் வழக்கப்படி வீட்டை மகளுக்கு எழுதியும் கொடுத்தாயிற்று. பின்வளவில் தங்களுக்கென்று கட்டிய சின்ன வீட்டுக்குப் போகத்தான் சேருக்கு இன்னும் நாள் சரிவரவில்லை.

சேர் தொலைக்காட்சியை அணைத்தார். எழும்பவில்லை.

"அங்க முன்னாள் ஜனாதிபதிக்கும் அரசாங்கம் காவல் குடுக்கும், தெரியுமா?"

"காவலுக்கு நான் வாறன்," என்றாள் கமீலா. "நடங்க."