வாழைக்கறை

திருவிருந்து ஞாயிறுகளில் ஞானவடிவு கடைசி பெஞ்சைவிட்டு எழுந்ததே இல்லை. இளவயதில் ஒருமுறை ஓய்வுநாள் என்றும் பாராமல் வாழைக்குலை வெட்டப்போய், கோயிலுக்கென்று இருந்த ஒரே வெள்ளைச் சேலையில் வாழைக்கறை தெறித்துவிட்டது. எலுமிச்சை தேய்த்தாள், வெள்ளாவி வைத்தாள், ஒன்றுக்கும் மசியவில்லை. கறை போன பிறகு பந்திக்குப் போவோம் என்று இருந்தவளுக்குத் தலை நரைத்துப் போனது. முன்னால் முழங்கால்படியிட்டவர்களின் உள்ளங்கையில் அப்பம் விழும்போதெல்லாம் அவள் கறையை இன்னும் இழுத்து மூடிக்கொள்வாள்.

அன்று சபைப் போதகரான ஐயர் அப்பத் தட்டோடு அவளிடமே இறங்கி வந்துவிட்டார்.

"கறை இன்னும் போவலியே, ஐயா."

"ஆண்டவருக்குத் தெரியாதாம்மா? கைய நீட்டு."

அவளுடைய இரண்டு கைகளும் கறையை மறைத்துச் சேலையைக் கொத்தாகப் பிடித்திருந்தன. விட்டால் ஊரே பார்க்கும். அப்பம் முகத்துக்கு நேரே காத்திருந்தது. முதலில் சுண்டுவிரல் தளர்ந்தது.