ஹார்லன் கடையின் பின்னறை

கடைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ட்வைலா உள்ளே வந்தாள். கை நிறைய, போர்வையில் சுற்றிய மூன்று துப்பாக்கிகள்.

போக வேறு இடம் இருந்திருந்தால் இந்தக் கடை வாசலை அவள் மிதித்திருக்கவே மாட்டாள்.

நேற்றுத்தான் மாநிலத் தலைநகர் ஹெலினாவில், சட்டசபைக் குழுவின் முன்னால், இந்தத் துப்பாக்கிக் கடைக்காரன் ஹார்லனோடு மல்லுக்கு நின்றிருந்தாள். வீட்டுத் துப்பாக்கிகளைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் போடுங்கள் என்றாள் அவள். என் வீட்டில் எதைப் பூட்டுவது என்று எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம் என்றான் அவன். எங்கள் வீட்டில் இரும்புப் பெட்டி இருக்கிறது, பூட்டியே வைக்கிறோம், என்ன குறைந்துவிட்டது எங்களுக்கு என்று மைக்கில் மார்தட்டிவிட்டு வந்தாள்.

இன்று காலை அந்தப் பெட்டியைத் திறந்தாள். பூட்டு பூட்டினபடியேதான் இருந்தது. உள்ளே கைத்துப்பாக்கியைக் காணோம்.

சாவி இரண்டு. ஒன்று அவளிடம். இன்னொன்று அவள் கணவன் லாயிட்டின் சட்டைப் பையில்.

பிப்ரவரியில் மந்தையில் நோய் கண்டது. இருநூற்றுப் பன்னிரண்டு மாடுகளையும் கொல்வதற்கு லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து லாயிட்டுக்குத் தூக்கமில்லை. பேச்சு நின்றுவிட்டது. சாப்பாடும் இறங்கவில்லை. இன்று விடிந்ததும், வேலி பார்த்துவிட்டு வருகிறேன் என்று குதிரையில் கிளம்பிப் போனான்.

மாடே இல்லாத நிலத்துக்கு என்ன வேலி?

லாயிட்டைத் தேடத் தன் தம்பியை அனுப்பிவிட்டு, பெட்டியில் மிச்சம் இருந்ததை வாரிக்கொண்டு வந்துவிட்டாள்.

எங்கே உன் சட்டம் என்று ஹார்லன் குத்திக்காட்டுவான். காட்டட்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

அவன் போர்வையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கடையைச் சாத்திவிட்டுப் பின்னறையைத் திறந்தான்.

அம்மாடி!

தரையிலிருந்து கூரை வரைக்கும் துப்பாக்கிகள். எதுவும் விற்பனைக்கு வைத்தது அல்ல. கைபட்டுக் கைபட்டுக் கட்டை வழுவழுத்தவை, தோல்வார் நைந்தவை. ஒவ்வொன்றிலும், மாட்டுக் காதில் குத்துகிற மஞ்சள் வில்லை ஒன்று தொங்கியது. வில்லையில் ஒரு பெயர்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் பெயர். கால்நடை மருத்துவர் பெயர். ஞாயிறுதோறும் கோயிலில் அவளுக்கு முன்வரிசையில் நின்று கணீரென்று பாடுகிற பெண்ணின் பெயர். நேற்று ஹார்லனுக்குக் கைதட்டியவர்களில் மூன்று பேர் இருந்தார்கள். அவளுக்குக் கைதட்டியவர்களில் நாலு பேர்.

எவர் வீட்டு நாய் குட்டி போட்டாலும் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடுகிற ஊர் இது. அந்த ஊர், தன்னைத் தானே நம்ப முடியாத நாட்களில், ஒவ்வொருவராக இங்கே வந்து துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரு சொல் வெளியே கசியவில்லை.

மசோதாவின் பதினொரு பிரிவுகளும் அவளுக்கு மனப்பாடம். அந்தச் சட்டம் வேண்டும் என்றுதான் இப்போதும் நினைத்தாள். ஆனால் அதில் எங்கேயும் இந்த அறை இல்லை.

"இத நேத்தே அங்க சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லிட்டா, அப்புறம் எவன் கொண்டாந்து வைப்பான்?" என்றான் ஹார்லன்.

மூன்றையும் வாங்கிக் கொக்கியில் மாட்டினான். இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் காணோம் என்றாள்.

அவன் சட்டென்று திரும்பினான். அவள் முழங்கையைப் பிடித்து மூலைக்கு அழைத்துப் போனான்.

மான்கொம்புப் பிடி போட்ட அவள் மாமனாரின் கைத்துப்பாக்கி அங்கே தொங்கியது.

வில்லையில் இருந்தது லாயிட்டின் எழுத்து. கன்று போடுகிற மாதங்களில் இருபது வருஷமாக அவன் வில்லை எழுத, அவள்தான் பக்கத்தில் நின்று வாங்கிக் குத்தியிருக்கிறாள். இருட்டிலும் அந்த எழுத்து அவளுக்குத் தெரியும். தேதி, லாரிகள் போன அன்றைய தேதி.

'நானே வந்து கேட்டாலும் கொடுக்காதே. ட்வைலா கேட்டால் மட்டும் கொடு.'

"இன்னிக்குக் காலையில வந்து கேட்டான்," என்றான் ஹார்லன். "நான் குடுக்கல."

பின்பக்க ஜன்னல் திரையை விலக்கிக் காட்டினான்.

கொல்லைக் கம்பத்தில் லாயிட்டின் குதிரை கட்டியிருந்தது. அதற்கு அப்பால் ஹார்லன் வீட்டு அடுப்படி ஜன்னல். ஹார்லனின் மனைவி எதிரே உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்க, லாயிட் தலையைக் குனிந்தபடி, பொரித்த முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.