கோட்டுப் பைக்கு ஒரு ரிவால்வர்

மூன்றாவது ரிவால்வரின் விசையை ட்வைலாவால் முழுதாக இழுக்க முடியவில்லை.

கோழி இறைச்சித் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் எலும்பு பிரித்த விரல். பாதி வழியில் நடுங்கி நின்றுவிட்டது.

விலை குறைந்ததென்றால் விசை கல்லாகத்தான் இருக்கும் என்றார் கடைக்காரர் ஹோபர்ட். அதை வாங்கி வைத்துவிட்டு, இளஞ்சிவப்புப் பிடி போட்ட ஒன்றை எடுத்தார். பெண்களுக்கென்றே வருகிறதாம்.

“இதக் காட்டினா அவன் சிரிப்பான்” என்றாள்.

“சிரிக்கட்டும்மா. அதுக்குள்ள நீ ரெண்டு தடவை சுட்டுரலாம்.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது.

அவன் என்றால் ரான்டல். மார்ச் வரை கணவன். இப்போது அவள் வேலை முடிந்து வரும்போதெல்லாம் எதிர்ப்புறப் பெட்ரோல் பங்கில் என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பவன். அவளை நெருங்கக் கூடாதென்று கோர்ட் சொன்ன ஐந்நூறு அடிக்கு வெளியே, ஓரடி கூடக் குறையாமல்.

போன வியாழக்கிழமை அவள் வீட்டு வாசல் விளக்கின் பல்பை யாரோ கழற்றியிருந்தார்கள்.

அடுத்தது, போலீஸ் கழித்துக் கட்டிய பழையது. ஐந்து தோட்டா பிடிக்கும். பூச்சு தேய்ந்திருந்தாலும், பல கை பட்டு விசை இளகியிருந்தது. துணியில் சிக்குவதற்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

கோட்டுப் பையில் போட்டு உட்காரச் சொன்னார் ஹோபர்ட். தூண்டில் புழு வைத்திருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். எழுந்தாள். எடுத்தாள். மூன்றாம் முறை குனிந்து பார்க்காமலே கைக்கு வந்தது.

“இதுதான்.”

கென்டக்கியில் துப்பாக்கி வாங்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு படிவம், வாங்குபவரைப் பற்றிச் சரிபார்க்க அரசாங்கத்துக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

கணவனையோ மனைவியையோ நெருங்கக் கூடாதென்று உங்கள் மேல் கோர்ட் உத்தரவு உண்டா என்றது படிவம். ‘இல்லை’ என்ற கட்டத்தில் அழுத்தமாகக் குறியிட்டாள்.

ஹோபர்ட் போனில் எல்லாவற்றையும் படித்தார். காத்திருந்தார். போனை வைத்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“மறுத்துட்டாங்கம்மா.”

காரணத்தைக் கடைக்காரரிடம் சொல்ல மாட்டார்களாம்.

ஆள் மாறியிருக்கும் என்றாள் ட்வைலா. உத்தரவு வாங்கியதே தான்தான் என்று, கைப்பையிலிருந்து கோர்ட் தாளை எடுத்து நீட்டினாள். ஆறு வாரமாக அதை அவள் ஒரு நாளும் வீட்டில் விட்டு வந்ததில்லை.

ஹோபர்ட் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். ஒரு வரியின் மேல் நகத்தை வைத்தார்.

“இது அவன் மேல மட்டும் இல்லம்மா. உன் மேலயும் போட்டிருக்கு.”

ஆறு வாரம் முன்பு கோர்ட்டில் ரான்டலும் பதிலுக்கு ஒரு மனு கொடுத்திருந்தான். இருவருமே ஒருவரையொருவர் நெருங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டால் சாட்சி, குறுக்கு விசாரணை எதுவும் வேண்டாம், பத்து மணிக்குள் கிளம்பிவிடலாம் என்றார் அவளுடைய வக்கீல்.

பதினொரு மணிக்கு அவளுக்கு ஷிஃப்ட். தொழிற்சாலையில் தாமதத்துக்கு ஒரு புள்ளி. அவள் பெயரில் ஏற்கனவே ஐந்து. ஆறானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவனை நெருங்கும் ஆசை அவளுக்கு ஏது? கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். அன்று நான்கு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தாள்.

ஹோபர்ட் ரிவால்வரில் பதிந்த அவள் கைரேகையைத் துணியால் துடைத்தார். மேசைக் கண்ணாடிக்குக் கீழே, இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்பது போலச் சொன்னார்.

“அவனாலயும் எந்தக் கடையிலயும் வாங்க முடியாதும்மா.”

அவள் தலையசைத்தாள்.

கோர்ட் சொன்னபடி, ரான்டல் தன்னிடமிருந்த ஆறு துப்பாக்கிகளையும் அண்ணனிடம் ஒப்படைத்து, ரசீதும் காட்டியிருந்தான்.

போன வாரம் அந்த அண்ணன் அவன் வீட்டுக்கே குடிவந்துவிட்டான்.