வேலிக்குள் நின்ற கல்

இங்கிலாந்தில் ஒரு பழைய சந்தை ஊர். அங்கே துறவிகளின் மடம் ஒன்று இடிந்து கிடந்தது. கூரை போய் ஐந்நூறு வருடம் ஆகிவிட்டது. மிஞ்சியது ஒரு வளைவுதான். அதன் உச்சியில் ஒரு கல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதன் தம்பிக் கல்லை ஊர்க்காரர்கள் அந்தக் காலத்திலேயே பெயர்த்துக்கொண்டு போய், எதிர்த்தெரு ரொட்டிக்கடைச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டார்கள். தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் உச்சிக்கல்லுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஜெபம் நடந்த எடத்துல பொறந்துட்டு அடுப்புக்கு முதுகு காட்டிக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல? உன்னை எவனாவது போட்டோ எடுத்திருக்கானா? எனக்குப் பாரு, சுத்தி வேலியே போட்டிருக்காங்க. கண்டவன் கிட்ட வர முடியாது.”

“இங்க கதகதப்பா இருக்குண்ணே,” என்றது தம்பி.

“தூ! பேச்சைப் பாரு.”

அப்போது மழை பிடித்துக்கொண்டது. வளைவைப் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் ரொட்டிக்கடைக்குள் ஓடிப் புகுந்தது.

“நனைஞ்ச கோலத்துல என் முன்னால நிக்கக் கூச்சப்படுறாங்க,” என்றது உச்சிக்கல்.

சுற்றுலா வந்திருந்த ஒருவர் மட்டும் குடையோடு வேலியைத் தாண்டக் காலைத் தூக்கினார். கடை வாசலிலிருந்து அவர் மனைவி அலறினாள்: “ஏங்க, அதுக்கடியில போகாதீங்க! எப்ப வேணா தலையில விழும்னு போர்டு வச்சிருக்கான்ல?”

அவர் காலை இறக்கி, வளைவைப் பார்த்தபடியே பின்வாங்கினார்.

உச்சிக்கல் தம்பியைப் பார்த்துக் கேட்டது: “உன்னைக் கண்டு எவனாவது இப்படி நடுங்கியிருக்கானாடா?”